கிராம் மேடமும் திருட்டு முட்டையும்

என் தம்பி கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது, "பெண்ணைக் கட்டிக்கிட்டு வாடான்னா தராசைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். ஒளிப்பானேன்? அவளுக்கு எடையளவு அலுவலகத்தில் வேலை. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பாள். சரியாக இருந்தால் முத்திரை, இல்லையென்றால் அபராதம். கடைக்காரர்கள் அவளுக்குக் கிராம் மேடம் என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான், போகப் போகப் பயத்தில் நிலைத்துவிட்டது.

அவளிடம் யார் பருப்பும் வேகாது. ஒரு தடவை மீன் சந்தையில் மொத்த வியாபாரி ஒருவர், "எடைக்கல் எல்லாம் கிடங்குல இருக்கு, சாவி வச்சிருக்கிற ஆள் வெளியூர் போயிட்டான்" என்று கதை விட்டிருக்கிறார். இவள் சரி என்று சொல்லிவிட்டு, கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடவில்லை, சட்டம் பேசவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். நாலு மணி நேரம். கடைசியில் வெளியூர் போன ஆள் பக்கத்துக் கடையிலிருந்தே எழுந்து வந்து சாவியைக் கொடுத்தானாம். இதைச் சொன்னபோதும் அவள் சிரிக்கவில்லை. "ஐஸ் பெட்டிதான் ரொம்பச் சில்லுனு இருந்துச்சு அக்கா" என்றாள்.

சோதனைக் கற்களை ஒரு மரப்பெட்டியில் போட்டு வலது கையில் தூக்கிக்கொண்டு போவாள். ஐந்து கிலோ ஒன்று, இரண்டு கிலோ இரண்டு, ஒரு கிலோ ஒன்று, அப்புறம் சில்லறைக் கற்கள். பதினெட்டு வருஷமாக அதே கை. நான் தையல்காரி. நாங்கள் சேர்ந்து இருக்கிற வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு, தொளதொளத்தால் பிடித்துக் கொடுப்பது, இறுகினால் விட்டுக் கொடுப்பது, ஜிப் மாற்றுவது என்று சில்லறை வேலை பார்ப்பவள். அவளுக்குச் சட்டை தைக்கும்போது வலது தோளை அரை அங்குலம் இறக்கித்தான் வெட்டுவேன். அப்படி வெட்டினால்தான் அவள் உடம்பில் சட்டை நேராக நிற்கும்.

இவளுக்கு முப்பத்தெட்டு வயதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எல்லாரும் சிட்டு என்று கூப்பிடுவோம். தம்பி தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவன், வாரத்தில் நாலு நாள் சாலையில்தான் இருப்பான். அதனால் பகலெல்லாம் சிட்டு என் பொறுப்பு. மிஷினுக்குக் கீழே துணித் துண்டுகளின் நடுவில் உட்கார்ந்து தானாகப் பேசிக்கொண்டிருப்பாள். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை, பிள்ளையும் இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

சிட்டுவிடம் ஒரே ஒரு குறை. சாப்பிடமாட்டாள். கடித்தால் மொறுமொறு என்று சத்தம் வரவேண்டும். ரஸ்க், பிஸ்கட், காய்ந்த ரொட்டியின் ஓரம், அதோடு சரி. முட்டை, பருப்பு, மீன், கோழி, தயிர் என்று உடம்பில் சதை பிடிக்க வைக்கிற எதையும் கண்ணால் பார்த்ததுமே உதட்டை இறுக்கிக்கொள்வாள். பாலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவாள். மசித்த உருளைக்கிழங்கில் ஒரு சிட்டிகை முட்டையை ஒளித்து வைத்தாலும் நாக்கால் துழாவிக் கண்டுபிடித்து, முட்டையை மட்டும் தனியே வெளியே தள்ளுவாள். அம்மாவின் வேலையை நாக்கில் வாங்கிக்கொண்டு பிறந்தவள்.

இரண்டே கால் வயதில் அவள் எடை ஒன்பது கிலோ அறுநூறு கிராம். கை கால்கள் குச்சி குச்சியாக இருந்தன. குழந்தைகள் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, புரதம்தான் போதவில்லை என்றார். "ஒரு நாளைக்குப் பதிமூணு கிராமாவது உள்ள போகணும். ஆறு வாரம் கொடுக்கிறேன். முந்நூறு கிராம் எடை ஏறலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்து, மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஊட்டணும்."

வீட்டுக்கு வந்ததும் கிராம் மேடம் நோட்டை எடுத்தாள். ஒரு முட்டைக்கு ஆறு கிராம், இத்தனை கரண்டி வெந்த பருப்புக்கு இத்தனை கிராம், கோழி, தயிர் என்று பட்டியல் போட்டாள். "பதிமூணு கிராம் அக்கா. நான் பிடிச்ச திருட்டு எடையை எல்லாம் சேர்த்தா டன் கணக்குல வரும். பதிமூணு கிராமை இந்த வாய்க்குள்ள அனுப்ப முடியாதா?" அப்புறம் கொஞ்சம் தயங்கினாள். "பகல்ல ஊட்ட வேண்டியது நீங்க. உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க, தப்பா நினைக்கமாட்டேன். குழந்தைங்க காப்பகத்துல பழக்கமான ஆளுங்க இருக்காங்களாம்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். மிஷினுக்குக் கீழே அந்த இடம் காலியாகக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். "எனக்கா முடியாது? பாட்டுப் பாடியே ஊட்டிட மாட்டேன்?" என்று வாய் சவடால் விட்டேன்.

மறுநாளிலிருந்து காலை ஏழரைக்கு மூன்று தடுப்பு உள்ள ஒரு டப்பா என் மேசைக்கு வந்தது. ஒன்றில் முட்டை, ஒன்றில் பருப்பு, ஒன்றில் பொடியாக நறுக்கிய கோழி. சமையலறைத் தராசில் எடை போட்டு நோட்டில் எழுதிவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றின கையோடு டப்பாவைத் தராசில் வைப்பாள். போனதில் திரும்பி வந்ததைக் கழித்தால், சிட்டு தின்றது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

முதல் மூன்று நாள் நான் தலைகீழாக நின்று பார்த்தேன். பாட்டுப் பாடினேன், பொம்மைக்கு ஊட்டினேன், காக்காய் வருகிறது பூனை வருகிறது என்று கத்தினேன். டப்பா போன மாதிரியே திரும்பியது. சாயங்காலம் அவள் நோட்டில் பூஜ்யம் போட்டாள். மூன்று பூஜ்யம். நாலாவது நாள் நான் சமையலறைக்குள் போனேன். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முட்டையையும் பருப்பையும் கோழியையும் நானே தின்றேன். வாயைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் டப்பாவைத் தராசில் வைத்தவள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "அக்கா, பதினொரு கிராம்!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் அவள் என்னைக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் நான் எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

நாளைக்கு எப்படியாவது ஊட்டிவிடலாம், இன்றைக்கு மட்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் தின்றேன்.

சனிக்கிழமைதோறும் குழந்தைக்கு எடை பார்ப்பாள். இங்கேதான் அவள் சறுக்கினாள், அதுவும் அவள் தொழிலிலேயே சறுக்கினாள். சிட்டு எடை மேடையில் தனியாக நிற்கமாட்டாள், வில் மாதிரி வளைந்து அழுவாள். அதனால் நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன், கிராம் மேடம் குனிந்து எண்ணைப் படிப்பாள். எடையில் நிற்கிறவர் வேறு, படிக்கிறவர் வேறு என்பது அவர்கள் அலுவலகத்தில் கண்டிப்பான விதி. முதல் சனிக்கிழமை என்னை மட்டும் தனியாக நிறுத்திப் பார்த்தாள். அறுபத்தொரு கிலோ நானூறு. அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிச் சுற்றிலும் கட்டம் போட்டுவிட்டாள். அப்புறம் ஒவ்வொரு வாரமும் இரண்டு பேர் எடையிலிருந்து அந்த எண்ணைக் கழித்தாள், அவ்வளவுதான். எண்ணெய்க் கடையில் டின் எடையை ஒரு தடவை போட்டு வைத்துக்கொண்டு கழிப்பார்கள் இல்லையா, அதே பழக்கம். டின் முட்டை தின்னாது. நான் தின்றேன்.

ஒன்பது எண்ணூறு. பத்து. பத்து முந்நூறு. நோட்டில் எண் ஏற ஏற அவள் முகம் தெளிந்தது. தம்பி ஒவ்வொரு பேருந்து நிலையத்திலிருந்தும் போன் செய்து, "எவ்வளவு, எவ்வளவு?" என்று கேட்டான். நான் என் சட்டையின் பக்கத் தையலை இரண்டு தடவை பிரித்துவிட்டேன். தையல்காரிக்குத் தெரியாதா? என் இடுப்பில் துணி இறுகியது, சிட்டுவின் கவுன் ஒரு விரல்கூட இறுகவில்லை. குழந்தையின் உடம்போடு விளையாடுகிறோம் என்று தெரிந்தே சும்மா இருந்தேன். இதற்கு நான் பூசி மெழுகப் போவதில்லை.

ஆறு வாரம் முடிந்து டாக்டரிடம் போன நாள், அவள் வேலையிலிருந்து நேராக மரப்பெட்டியோடு வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அங்கே இருந்த நர்ஸ் கெட்டிக்காரி. சோப்பு நுரைக் குமிழி ஊதிக் காட்டி, சிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளைக் குழந்தைத் தராசில் தனியாக உட்கார வைத்துவிட்டாள். "ஒன்பது கிலோ அறுநூத்தி நாப்பது."

"என்னது?" என்றாள் கிராம் மேடம். "எங்க வீட்டுல பத்து எழுநூறு. தினமும் பத்து, பதினொரு கிராம் புரதம் போகுது, நோட்டு இருக்கு."

"தராசு காட்டுறதைத்தான் சொல்றேம்மா."

"அப்ப உங்க தராசு தப்பு."

அவள் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தாள். காத்திருந்த தாய்மார்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரே அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். இவள் கல்லைத் துணியால் துடைத்துத் தராசில் வைத்தாள். ஐந்து கிலோ. தராசு ஐந்து காட்டியது. இரண்டு சேர்த்தாள், ஏழு. இன்னும் இரண்டு, ஒன்பது. ஒரு கிலோ, பத்து. சில்லறைக் கற்களை ஒவ்வொன்றாக வைத்தாள். இருபது கிராமுக்கும் அந்தத் தராசு பிசகாமல் பதில் சொன்னது. அவள் எல்லாக் கற்களையும் எடுத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி வைத்துப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரே தராசை இரண்டு தடவை சோதித்து யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

"தராசு சரியாத்தான் இருக்கும்மா" என்றேன். "நான்தான் தின்னேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், தையல் பிரித்துவிட்ட சட்டையைப் பார்த்தாள். கழித்தல் கணக்கு அவளுக்குள் ஓடுவது எனக்குத் தெரிந்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வாரா வாரம் உங்களையும் எடை போட்டிருக்கணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கற்களைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தாள்.

டாக்டர் உடனே ஆஸ்பத்திரிக்கு எழுதப் பேனாவை எடுத்தார். இவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மீன் சந்தையில் ஐஸ் பெட்டி மேல் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். "இந்த ஆறு வாரமும் குழந்தைக்கு எந்த முயற்சியும் நடக்கலை டாக்டர். முயற்சி பண்ணித் தோத்திருந்தா நீங்க சொல்றது சரி. நாலு வாரம் கொடுங்க. முந்நூறு கிராம் ஏறலைன்னா நானே தூக்கிட்டு வந்து சேர்க்கிறேன்." டாக்டர் மறுத்தார். இவள் எழுந்திருக்கவில்லை. வெளியே அடுத்த குழந்தை வீறிட்டு அழுதது. கடைசியில் டாக்டர் நாலு வாரம் என்று எழுதி, அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று கீழே கோடு போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் சிட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் தூங்கிவிட்டாள். நான் காப்பகத்துக்கு மனதைத் தயார்செய்துகொண்டேன். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"எங்க நின்னு சாப்பிட்டீங்க?"

"சமையலறையில. முதுகைக் காட்டிக்கிட்டு."

"அப்ப சிட்டு என்ன பண்ணுவா?"

"கதவோரமா நின்னு பார்ப்பா. ரெண்டு மூணு தடவை சட்டையைப் பிடிச்சு இழுத்தா. ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லைன்னு சொல்லி வாயைத் துடைச்சுக்குவேன்."

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "இழுத்தாளா? ஊட்டும்போது தட்டி விடுறவ, நீங்க சாப்பிடும்போது இழுத்தாளா?" அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "நாளையிலேருந்து டப்பா கிடையாது. ஊட்டுறதும் கிடையாது. மதியம் நான் வீட்டுக்கு வர்றேன். மூணு பேரும் உட்கார்ந்து சாப்பிடுறோம்" என்றாள். காப்பகம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"என்னை நம்புறியா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு இல்லை" என்றாள். "சாப்பாட்டுக்கு வாங்க."

இரண்டு பேருந்து மாறி மதியம் வீட்டுக்கு வந்து, இருபது நிமிஷம் சாப்பிட்டு, மறுபடி இரண்டு பேருந்து மாறிப் போனாள். போகும்போதும் வரும்போதும் அந்தப் பத்துக் கிலோ பெட்டி கையில். தையல் மேசையில் துணியை ஒதுக்கிவிட்டுத் தட்டு போட்டோம். சிட்டுவுக்கு ஒரு வெறும் தட்டு, பக்கத்தில் இரண்டு ரஸ்க். 'சாப்பிடு' என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று சட்டம். தம்பி வந்திருந்தபோது தெரியாமல் சொல்லிவிட்டான், மேசைக்குக் கீழே மிதி வாங்கினான்.

முதல் நாலு நாள் அவள் ரஸ்க்கை மட்டும் தின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நாள் ஓடுதும்மா, ஒரு வாய் ஊட்டிப் பார்க்கட்டுமா?" என்றேன். "முட்டையைச் சாப்பிடுங்க அக்கா" என்று என் தட்டைக் காட்டினாள். ஐந்தாம் நாள் சிட்டு ரஸ்க்கை என் பருப்பில் முக்கினாள், நக்கினாள், துப்பினாள். கிராம் மேடம் தன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது.

ஒன்பதாம் நாள் நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன். திரும்பி வந்தால் என் தட்டில் பாதி முட்டையைக் காணோம், சிட்டுவையும் காணோம். சமையலறையில் கதவுக்குப் பின்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு கன்னமும் அசைந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழுங்கிவிட்டுத் திரும்பினாள், என்னைப் பார்த்தாள், புறங்கையால் வாயைத் துடைத்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள்.

என் திருட்டு வித்தை முழுசாக அந்தப் பொடிசுக்கு வந்திருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மேசைக்கு வந்தேன். கிராம் மேடம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கத் திருட்டைத் தேடிப் பிடித்தவள், வீட்டுக்குள் நடந்த திருட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். "நாளைக்கு உங்க தட்டுல ஒரு முட்டை கூட வைக்கிறேன்" என்று மட்டும் வாய்க்குள் சொன்னாள்.

அதிலிருந்து தினமும் திருட்டுதான். என் தட்டில் கோழித் துண்டு, அவள் அம்மா தட்டில் மீன். பருப்பு மட்டும் கையில் ஒழுகி வழியெல்லாம் சொட்டும், அதை நான் துடைப்பேன். நாங்கள் இருவரும் தண்ணீர் எடுக்க, கதவைச் சாத்த, போனைத் தேட என்று மாறி மாறி எழுந்து வழிவிடுவோம். சில நாள் ஒன்றுமே திருடமாட்டாள். அன்றைக்கு எங்கள் தட்டிலும் பாதிச் சோறு மிஞ்சும். நோட்டில் எழுத ஒன்றும் இல்லை. எதை எடை போடுவது? சனிக்கிழமை எடையையும் நிறுத்திவிட்டாள். "நாலாவது வாரம் அந்த டாக்டரோட தராசு சொல்லட்டும். அதை நானே சோதிச்சிருக்கேன்" என்றாள்.

நாலு வாரக் கெடு முடிந்த நாளன்று சிட்டு விவரமாகிவிட்டாள். குமிழிக்கு மயங்கவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இறங்கவே மாட்டேன் என்று அலறினாள். "பெரியவங்க தராசுல தூக்கிக்கிட்டு ஏறுங்க, கழிச்சுக்கலாம்" என்றாள் நர்ஸ். நான் கையை நீட்டினேன், வழக்கமாக ஏறுகிறவள் நான்தானே.

கிராம் மேடம் குழந்தையைப் பிய்த்தெடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, தான் மட்டும் தராசில் ஏறினாள். "முதல்ல வெறும் ஆள்" என்றாள். பிறகு சிட்டுவை வாங்கிக்கொண்டாள். நர்ஸ் குனியப் போனாள். "இருங்கம்மா" என்று இவள் தடுத்தாள். "அக்கா படிக்கட்டும்."

நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவள் வேலையில் எண்ணைப் படிக்கிறவர் சொல்வதுதான் கடைசிச் சொல், அதைக் கண்ட ஆளிடம் கொடுக்கமாட்டார்கள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கண்ணீரில் எண் மங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

"நீ மட்டும் அம்பத்திரண்டு முந்நூறு. ரெண்டு பேரும் அறுபத்திரண்டு இருநூத்தி எண்பது." அளவெடுத்தே பிழைத்தவள் நான், கழிக்கக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. "ஒன்பது தொள்ளாயிரத்தி எண்பது. முந்நூத்தி நாப்பது கிராம் ஏறியிருக்கும்மா."

அவள் இறங்கவில்லை, சிட்டுவின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இரண்டு தோளும் குலுங்கின.

"சரியாப் பார்த்தீங்களா அக்கா?"

"சரியாப் பார்த்தேன்."

"அப்ப சரி" என்றாள். குனிந்து தராசைப் பார்க்கவே இல்லை.